பயந்த ஸ்டாஃப் உண்மையைச் சொல்ல மாட்டாங்க: கடை, கிளினிக் நடத்துற தம்பி தங்கச்சிகளுக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

விழுப்புரம் நேருஜி சாலையில நடந்தாலும் சரி, திண்டிவனம் நேரு வீதியில நடந்தாலும் சரி, பத்துக் கடை தாண்டுறதுக்குள்ள ஒரு 'ஆட்கள் தேவை' அட்டை கண்ணுல படுது. ஜவுளிக்கடை, மெடிக்கல், ஸ்கேன் சென்டர், நர்சரி ஸ்கூல்னு எல்லாருக்கும் ஒரே புலம்பல்: "ஆளே நிக்க மாட்டேங்குதுக்கா, ரெண்டு மாசத்துல ஓடிடுதுங்க." முதல்ல அந்த 'ஓடிடுதுங்க'வை விடுங்க. ஓடிடுறாங்கன்னு சொல்லுங்க. ஆள் நிக்காததுக்குப் பாதிக் காரணம் அந்த ஒரு சொல்லுலயே இருக்கு.

சம்பளமும் காரணம்தான், நான் மறுக்கல. ஆனா அதே சம்பளத்துக்கு எதிர்க்கடையில ஒரு பொண்ணு வருஷக்கணக்கா இருக்காளே, எப்படி? அங்க அவ பயந்து பயந்து சாகல. ஒரு தப்பு நடந்தா ஓடிவந்து சொல்ல முடியுது. உடம்பு முடியலன்னா முடியலன்னு சொல்ல முடியுது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க. இப்போ பொண்ணுங்களுக்கு வேற வழி இருக்கு. செய்யாறு சிப்காட் காலணி ஆலைங்க பொண்ணுங்களை ஆயிரக்கணக்குல வேலைக்கு எடுக்குது. வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்துல 2024 பிப்ரவரியில மினி டைடல் பார்க்கே வந்தாச்சு. உங்க கல்லாப்பெட்டிக்கு முன்னாடி நின்னு திட்டு வாங்கணும்னு யாருக்கும் தலையெழுத்து இல்ல.

உங்களுக்கு நேரமில்லன்னு தெரியும். நம்பர் போட்டே சொல்றேன்.

1. நாற்காலி போடுங்க, இன்னைக்கே

மனசைப் பத்திப் பேச வந்தவ நாற்காலியைப் பத்திப் பேசுறாளேன்னு பார்க்காதீங்க. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னு கால் வீங்கிப்போன பொண்ணுகிட்ட, 'மனசுல இருக்குறதைச் சொல்லும்மா'ன்னு கேட்டா எதைச் சொல்லுவா?

கேரளாவுல கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல விஜின்னு ஒரு தையல்காரம்மா. அங்க கடைங்கள்ல வேலை பார்க்குற பொண்ணுங்க ஒண்ணுக்குப் போகக்கூட இடமில்லாம அவஸ்தைப்பட்டதைப் பார்த்து, 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. கழிவறையில தொடங்கின அந்தப் போராட்டம் உட்கார்ற உரிமை வரைக்கும் வளர்ந்துச்சு. 2018-ல கேரளா சட்டத்தையே திருத்துச்சு. 2021-ல நம்ம தமிழ்நாடும் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல ஒரு பிரிவைச் சேர்த்துச்சு. ஊழியர் எல்லாருக்கும் உட்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல கிடைக்கிற நேரத்துல அவங்க உட்காரலாம்கிறது அது. ஆக, நாற்காலி உங்க தயவு கிடையாது, சட்டம்.

நாற்காலி வாங்கிப் போட்டுட்டு, உட்கார்ந்தா முறைக்கிற முதலாளிங்களையும் பார்த்திருக்கேன். அந்த நாற்காலி இருந்தும் இல்லாத மாதிரிதான். கஸ்டமர் இல்லாத நேரத்துல நீங்களே, "உட்காரும்மா"ன்னு வாயால சொல்லுங்க. முதல் வாரம் யாரும் நம்ப மாட்டாங்க. திரும்பத் திரும்பச் சொல்லுங்க.

2. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள், தண்ணி, குப்பைக்கூடை

இந்த மூணும் இருக்கணும். சாவியை ஆம்பள சூப்பர்வைசர்கிட்ட குடுத்து வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அவர்கிட்ட போய்க் கேட்கக் கூசியே பொண்ணுங்க தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்குவாங்க, அப்புறம் நீர்க்கடுப்பு, லீவு. நாப்கின் ஒரு பாக்கெட் உள்ளயே வெச்சுடுங்க. யார் எடுத்தான்னு கணக்குக் கேட்காதீங்க.

3. பஸ் நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்

உங்க ஸ்டாஃப் மயிலம், ஒலக்கூர், விக்கிரவாண்டி, காணை, முகையூர்னு எங்கேர்ந்தோ வர்றாங்க. 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அந்த பஸ்ஸை நம்பித்தான் பல பொண்ணுங்க வேலைக்கே வர்றாங்க. நீங்க, "இதை மட்டும் மடிச்சு வெச்சுட்டுப் போ"ன்னு கால் மணி நேரம் நிறுத்தினா அந்த பஸ் போயிடும். அப்புறம் ஷேர் ஆட்டோவுக்குக் காசு, இல்லன்னா இருட்டுல ரோட்டோரம் நிக்கணும். வீட்டுல போனதும், "ஏன் லேட்டு?"ன்னு ஒரு விசாரணை. இதெல்லாம் சேர்ந்துதான் ஒருநாள், "நாளையிலேர்ந்து வரலக்கா"ன்னு போன் வரும்.

ஒரு பேப்பர்ல ஒவ்வொருத்தரோட கடைசி டவுன் பஸ் நேரத்தை எழுதிக் கல்லாவுக்குப் பின்னாடி ஒட்டுங்க. அந்த நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடி அவங்களை விட்டுடுங்க. தீபாவளி சீசன்ல முடியாதுன்னா, வேன் வையுங்க. பத்துப் பேரும் அதுக்கு மேலயும் வேலை பார்க்குற கடைங்களை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம்னு 2019-ல அரசு அனுமதி குடுத்தப்பவே, ராத்திரி எட்டு மணிக்கு மேல பெண்களை வேலை வாங்கணும்னா எழுத்துல சம்மதம் வேணும், பாதுகாப்பு வேணும், போக்குவரத்து வேணும்னு சேர்த்துத்தான் சொல்லியிருக்கு. அனுமதியை மட்டும் படிச்சுட்டு நிபந்தனையை மறந்துடாதீங்க.

சாப்பாட்டுக்கும் இதேதான். நாலு மணி நேரம் வேலைன்னா ஒரு மணி நேரம் ஓய்வுன்னு பழைய 1947 சட்டத்துலயே இருக்கு. டிபன் பாக்ஸைத் திறந்தவங்களை, "கஸ்டமர் வந்துட்டாங்க பாரு"ன்னு எழுப்பாதீங்க. கஸ்டமரை நீங்க பாருங்க.

4. தப்பைச் சொல்ல வந்தவங்களைத் திட்டாதீங்க

இந்தப் பட்டியல்லயே முக்கியமானது இதுதான். மத்ததெல்லாம் வேகமாப் படிச்சாலும் இங்க நிதானமா நில்லுங்க.

அமெரிக்காவுல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை. 1990-கள்ல ஆஸ்பத்திரி வார்டுங்கள்ல மருந்து குடுக்குறதுல நடக்கிற தவறுகளை ஆராய்ச்சி பண்ணாங்க. நல்லா ஒத்துமையா வேலை செய்யுற வார்டுல தப்பு கம்மியா இருக்கும்னுதான் எதிர்பார்த்தாங்க. கணக்கைப் பார்த்தா, நல்ல வார்டுலதான் தப்பு அதிகம்! அப்புறம் தோண்டிப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. அங்க தப்பு அதிகமா நடக்கல, நடந்ததை வெளிப்படையாச் சொன்னாங்க. மத்த வார்டுல பயத்துல மறைச்சுட்டாங்க. இந்தத் தேடலோட தொடர்ச்சியா 1999-ல 'உளவியல் பாதுகாப்பு' பத்தி அவங்க எழுதின கட்டுரை உலகம் பூரா பேசப்பட்டுச்சு.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவாங்க. உங்க லேப்ல ரெண்டு பேரோட ரத்த சாம்பிள்ல லேபிள் மாறிடுச்சுன்னு வையுங்க. லேபிள் ஒட்டின பொண்ணு பத்தே நிமிஷத்துல கவனிச்சுட்டா. சொன்னா என்ன ஆகும்னு ஒரு நொடி யோசிப்பா. போன மாசம் இன்னொரு பொண்ணு ஒரு டியூபை உடைச்சுட்டு வந்து சொன்னப்போ நீங்க எல்லார் முன்னாடியும் கத்துனது அவளுக்கு ஞாபகம் வரும். வாயை மூடிக்குவா. அந்த ரிப்போர்ட் ஒரு வயசானவரோட கைக்குப் போகும், டாக்டர் அதைப் பார்த்து மாத்திரை எழுதுவாரு. டியூபுக்காக நீங்க போட்ட சத்தத்துக்கு விலையை யார் குடுக்குறாங்கன்னு பாருங்க.

அதனால யாராவது, "அக்கா, ஒரு தப்பு நடந்துடுச்சு"ன்னு வந்து நின்னா, உங்க வாயிலேர்ந்து முதல்ல வர வேண்டியது இது: "சொன்னது நல்லதாச்சு. இப்போ என்ன பண்ணலாம்?" மனப்பாடம் பண்ணுங்க. கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து சொல்லுங்க. யார் பண்ணதுங்கிற விசாரணை அப்புறம். எப்படி நடந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. பெரும்பாலும் ஆள் மேல குத்தம் இருக்காது, ரெண்டு டப்பா ஒரே மாதிரி இருக்கும், இல்ல ஒரே ஆள் நாலு வேலை பார்த்துட்டு இருப்பா.

ஒரே விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க: தெரிஞ்சே மறைச்சா பொறுத்துக்க மாட்டேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. தப்புக்கும் மறைக்கிறதுக்கும் ஒரே திட்டு விழுந்தா எல்லாரும் மறைக்கிறதைத்தான் தேர்ந்தெடுப்பாங்க.

5. வாயைக் கட்டுங்க

• 'வாடி', 'போடி', 'டேய்', 'ஏய்' எல்லாம் நேத்தோட முடிஞ்சுது. பேர் சொல்லி, "வாங்க, போங்க." உங்களைவிட வயசுல மூத்தவங்கன்னா அண்ணே, அக்கா. பெருக்க வர்ற ஆயாவுக்கும் பேர் இருக்கு, கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

• கண்டிக்கணும்னா தனியாக் கூப்பிட்டு, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு. பாராட்டணும்னா எல்லார் முன்னாடியும்.

• வாட்ஸ்அப் குரூப்ல யாரையும் திட்டாதீங்க. நேர்ல திட்டினது ராத்திரிக்குள்ள கொஞ்சம் ஆறும். குரூப்ல எழுதினதை அவங்க புருஷன் பார்ப்பாரு, மாமியார் பார்ப்பாங்க, அவங்களே பத்துத் தடவை எடுத்துப் படிப்பாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல குரூப்ல மெசேஜே வேண்டாம்.

• கேமராவைப் பார்த்துக்கிட்டே வீட்டுலேர்ந்து போன் போட்டு, "ஏன் சும்மா நிக்கிற?"ன்னு கேட்காதீங்க. கேமரா திருட்டுக்கு வெச்சது.

• முதலாளி ஒருத்தர்தான் இருக்கணும். அண்ணன் ஒண்ணு சொல்லி, அண்ணி வேற சொல்லி, மாமனார் வந்து மூணாவது சொன்னா, யார் சொன்னதைக் கேட்டாலும் இன்னொருத்தர்கிட்ட திட்டுன்னு ஸ்டாஃப் மண்டை காயும். குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுட்டு, ஒரே வாயால சொல்லுங்க.

6. 'ஊர்ல எந்தப் பக்கம்?'

இதை யாரும் எழுதுறதில்ல. நான் எழுதுறேன்.

வேலைக்கு வந்த புதுப் பொண்ணுகிட்ட, "எந்த ஊரும்மா?"ன்னு கேட்குறது சரி, பஸ்ஸுக்காகத் தெரியணும். அதோட நிறுத்துங்க. "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"ன்னு அடுத்த கேள்வி கேட்குறப்போ நீங்க எதைத் தெரிஞ்சுக்கப் பார்க்குறீங்கன்னு உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நம்ம மாவட்டத்துல ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியா இருக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற நொடியில அந்தப் பொண்ணோட முகம் மாறுறதைப் பார்த்திருக்கீங்களா? அன்னையிலேர்ந்து அவ சாப்பிடத் தனியாப் போயிடுவா.

நீங்க கேட்காம இருந்தா மட்டும் போதாது. சீனியர் ஸ்டாஃப் கேட்பாங்க, அதையும் நிறுத்துங்க. டீ டம்ளர் எல்லாருக்கும் ஒண்ணு. சாப்பிடுற இடம் எல்லாருக்கும் ஒண்ணு, நீங்களும் வாரத்துல ரெண்டு நாளாவது அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்க. பெருக்குற வேலையும் கழிவறை கழுவுற வேலையும் ஒரே தெருக்காரங்களுக்கே போகுதான்னு கவனிங்க. சாதி சொல்லித் திட்டினது உங்க மச்சானாவே இருந்தாலும், அது 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வர்ற குற்றம். "தெரியாமப் பேசிட்டாரு, விடும்மா"ன்னு அந்தப் பொண்ணைச் சமாதானம் பண்ணாதீங்க. பேசினவரைக் கூப்பிட்டுக் கேளுங்க.

இதோட இன்னொண்ணு. வருஷா வருஷம் சித்திரையில கூவாகம் திருவிழாவுக்கு வர்ற திருநங்கைகளுக்காக விழுப்புரத்துல அழகிப்போட்டி நடக்குது, ஊரே கை தட்டுது. வேலை கேட்டு வந்தா மட்டும் ஏன் தயங்குறீங்க? வேலையில பாகுபாடு கூடாதுன்னு 2019-ம் வருஷச் சட்டமே இருக்கு. எடுத்தா, அவங்க விரும்புற பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, எந்தக் கழிவறைங்கிறதை முதல் நாளே அவங்களோட பேசி முடிவு பண்ணுங்க, கேலி பேசுற ஆளை அன்னைக்கே கண்டிங்க.

7. கஸ்டமர் கத்தினா நடுவுல போய் நில்லுங்க

இருபது புடவை எடுத்துப் போட வெச்சுட்டு, "இவளுக்கு ஒண்ணும் தெரியல"ன்னு ஒருத்தர் கத்தினா, உடனே நீங்களும் சேர்ந்து அந்தப் பொண்ணைத் திட்டுறீங்க, கஸ்டமர் குளிருவாங்கன்னு. குளிர மாட்டாங்க. "நான் பார்க்குறேங்க"ன்னு நீங்க முன்னாடி வந்து நின்னு, அவளைப் பின்னாடி ஸ்டாக் எடுக்க அனுப்பிடுங்க. தப்பு அவ மேல இருந்தா அப்புறம் தனியாப் பேசிக்கலாம். கிளினிக்ல ரிசப்ஷன் பொண்ணுங்களுக்கு இது ரொம்பவே நடக்குது. டாக்டர் லேட்டா வந்தா திட்டு வாங்குறது அவங்கதான். லேட் ஆகும்னா போர்டுல எழுதிப் போடுங்க.

8. தொட்டுப் பேசுற சூப்பர்வைசர்

'நம்ம கடையில அப்படியெல்லாம் கிடையாது'ன்னு சொல்றீங்கல்ல? உங்ககிட்ட யாரும் வந்து சொல்லல, அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்.

பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தா, 2013-ம் வருஷச் சட்டப்படி உள்ளகக் குழு ஒண்ணு கட்டாயம் அமைக்கணும். தலைவரா ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்கள்ல பாதிக்குக் குறையாம பெண்கள், பெண்கள் நலனுக்கு வேலை செய்யுற அமைப்புலேர்ந்து வெளியாள் ஒருத்தர். உங்க சம்சாரத்தையும் தங்கச்சியையும் போட்டு ஒப்பேத்தாதீங்க, எந்தப் பொண்ணும் அங்க வந்து சொல்ல மாட்டா. குழு அமைக்கலன்னா 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம்.

பத்துப் பேருக்குக் கம்மியா? புகாரே உங்க மேலயா? அதுக்கு மாவட்ட அளவுல ஒரு உள்ளூர்க் குழு இருக்கு. மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்லுவாங்க. நடந்த மூணு மாசத்துக்குள்ள புகார் எழுதித் தரணும். தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டலாம். இதையும் பெண்கள் உதவி எண் 181-ஐயும் எழுதி, பொண்ணுங்க டிரஸ் மாத்துற இடத்துல ஒட்டுங்க. கல்லாவுக்கு எதிர்ல ஒட்டினா நின்னு படிக்கக்கூட பயப்படுவாங்க.

குழு மட்டும் போதாது. ஏன்னு கேட்டா, திண்டுக்கல்ல நடந்ததைப் பாருங்க. 2021 ஜனவரியில ஒரு ஆடை ஆலையில வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலையானாங்க, அவங்க சூப்பர்வைசர் கைதானாரு. அதுக்கப்புறம் பெண்கள் தலைமையில இயங்குற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரல்ல ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடயும் எச் அண்ட் எம் கம்பெனியோடயும் ஒப்பந்தம் போட்டுச்சு. திண்டுக்கல் ஒப்பந்தம்னே அதுக்குப் பேரு. அதுல எனக்குப் பிடிச்சது ஒரு ஏற்பாடு: ஒவ்வொரு 25 பேருக்கும், தையல் தளத்துலயே கூட வேலை செய்யுற ஒருத்தரை யூனியன் தேர்ந்தெடுத்து, பயிற்சி குடுத்து, கண்காணிக்க வெச்சாங்க. ஆபீஸ் ரூம் படி ஏறப் பயப்படுற பொண்ணு பக்கத்து மெஷின்ல இருக்குறவகிட்ட பேசுவா. உங்க கடைக்கு இதைக் குட்டியாப் பண்ணலாம். எல்லாரும் நம்புற ஒருத்தரை அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஆள் வந்து சொன்னா, "யார் சொன்னது?"ன்னு கேட்காதீங்க.

9. சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் குடுங்க

நர்ஸ், டீச்சர், அக்கவுண்டன்ட்னு சேர்றவங்களோட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பீரோவுல பூட்டி வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல அதிகம். ஓடிடக் கூடாதுன்னு. ஒரிஜினலைப் பார்த்துட்டு அப்பவே திருப்பிக் குடுங்க, நகல் போதும். பூட்டி வெச்சு நிறுத்தின ஆள் உடம்பால மட்டும்தான் உங்ககிட்ட இருப்பாங்க.

கல்லாவுல குறைஞ்சா எல்லார் சம்பளத்துலயும் பங்கு போட்டுப் பிடிக்கிறதும் இதே ரகம். அன்னையிலேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுவாங்க. டூட்டி மாறும்போது ரெண்டு பேரா எண்ணிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, பிரச்சினை பாதி தீரும்.

10. மழைக்கு முன்கூட்டியே ஒரு விதி

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. ரோடு, பாலம், வீடு எல்லாம் தண்ணியில. அந்த வாரமும், "எப்போ வருவ?"ன்னு போன் போட்ட முதலாளிங்க இருக்காங்க. கலெக்டர் லீவு விட்டா சம்பளத்தோட லீவு, பஸ் ஓடலன்னா வராததுக்குப் பிடித்தம் இல்ல, வீட்டுல தண்ணி புகுந்தா முன்பணம் இவ்வளவுன்னு ஐப்பசி பிறக்குறதுக்கு முன்னாடியே எழுதிச் சொல்லிடுங்க. புயல் வர்ற அன்னைக்கு யாரும் உங்ககிட்ட கெஞ்சக் கூடாது.

11. முகம் வாடியிருந்தா

சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க நாலு நாளாப் பேசல, சாப்பிடல, பில் போடுறதுல தடுமாறுறாங்கன்னா, "என்ன, லவ்வா?"ன்னு கேட்காதீங்க. தனியா, "உடம்புக்கு முடியலையா? ஏதாவது வேணுமா?"ன்னு மட்டும் கேளுங்க. சொன்னா கேளுங்க. சொல்லலன்னா விடுங்க, ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை கேளுங்க. கேட்டதை உங்க வீட்டுலகூடச் சொல்லாதீங்க. நம்ம ஊர் சின்ன ஊரு, காலையில சொன்னது சாயங்காலம் அவங்க மாமியார் காதுக்குப் போயிடும்.

வைத்தியம் உங்க வேலை இல்ல. டெலி மானஸ் 14416-னு ஒரு இலவச எண் 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போறதுன்னா அரை நாள் லீவு குடுங்க, காரணம் ரிஜிஸ்டர்ல எழுத வேண்டாம். செத்துடலாம் போல இருக்குன்னு ஒரு வார்த்தை வந்துட்டா மட்டும் அவங்களைத் தனியா விடாதீங்க. உடனே அவங்களோட சேர்ந்து அந்த எண்ணுக்குப் பேசுங்க, அவங்க நம்புற ஒருத்தரை வரவழைங்க.

12. வேலையை விட்டுப் போறவங்க

கல்யாணம், சென்னை, பக்கத்துக் கடைன்னு போறவங்க போகத்தான் செய்வாங்க. நின்ன அன்னைக்கே நாள் கணக்குப் போட்டுச் சம்பளத்தைக் கையில குடுத்துடுங்க, அலைய விடாதீங்க. அனுபவச் சான்று கேட்காமலே எழுதிக் குடுங்க. குடுத்துட்டு, "இங்க உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. இனிமே பயப்பட ஒண்ணும் இல்லங்கிறதால அவங்க நிஜத்தைச் சொல்லுவாங்க. குறுக்கப் பேசாம, தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. அடுத்த ஆள் சேர வரும்போது முதல்ல அந்த நோட்டை எடுத்துப் படிச்சுட்டு, அதுல ஒண்ணையாவது சரி பண்ணிட்டு, அப்புறம் வேலைக்கு வரச் சொல்லுங்க.